குழிக்குள் உறங்கிய கிழங்கு

அவையோருக்கு வணக்கம். நியூசிலாந்து என்றதும் நம்மவர்கள் அந்த உடைந்த வெண்கல மணியைத்தான் சொல்வார்கள். தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி. இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். மணியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் கிழங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உருளைக்கிழங்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. மாவோரிகளின் சொந்தக் கிழங்கு குமரா, நம்ம சர்க்கரைவள்ளிதான். முன்னோர்கள் வெப்பத் தீவுகளிலிருந்து படகில் கொண்டுவந்தது. நம் ஊரில் கொடியை வெட்டி நட்டால் போதும், வருஷம் முழுக்கத் தழைக்கும். அங்கே பனி விழுந்தால் கொடி கருகிவிடும். ஆக, அடுத்த வருஷ விதைக் கிழங்கைக் குளிர்காலம் முழுக்க உயிரோடு காப்பாற்ற வேண்டும்.

அதற்குத்தான் 'ருவா' என்ற குழி. நீர் தேங்காத மேட்டில் தோண்டி, பெரணி இலை பரப்பி, கூரை போட்டு, சின்ன வாசலை இறுக மூடிவிடுவார்கள். அறுவடையில் கிழங்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுக்கவேண்டும். தோலில் ஒரு கீறல் பட்டாலும் அது அழுகும், பக்கத்துக் கிழங்கையும் கெடுக்கும். வடதீவிலுள்ள வைக்காட்டோ பக்கம் மணலும் சரளையும் கூடை கூடையாகச் சுமந்துவந்து வயலில் கொட்டியிருக்கிறார்கள், மண் சூடாக இருக்கட்டும் என்று. மணல் எடுத்த பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. இரும்பு மண்வெட்டிகூட இல்லாமல், 'கோ' என்ற நீண்ட மரக்கோலைக் காலால் மிதித்துக் கிளறிய மண் அது!

இவ்வளவு பாடுபட்டுக் காத்த பழைய ரகங்கள் பின்னால் வயலைவிட்டே போய்விட்டன. வெளியிலிருந்து வந்த பெருங்கிழங்கு ரகங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆராய்ச்சிக்காகச் சேகரித்தவை ஜப்பானில் இருந்தன. தன் பாட்டன் கிழங்கைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டிய நிலை! 1988-இல் டெல் விஹோங்கி என்ற மாவோரிப் பெண்மணி ஒரு குழுவோடு ஜப்பான் போய்ச் சில ரகங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்.

கிழங்கு வந்துவிட்டது, சரி. அதன்மேல் உரிமை யாருக்கு? 1991-இல் அவர் உட்பட ஆறு பேர், மாவோரிகள் அரசின்மேல் வைக்கும் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார்கள்: நாட்டுச் செடி, கொடி, அவை பற்றிய அறிவு எல்லாவற்றிலும் மாவோரிகளுக்கு உள்ள உரிமையைக் கேட்டு. 'வய் 262' என்று அதற்கு எண். தீர்ப்பாயத்தின் அறிக்கை 2011-இல் வந்தது. அன்றைக்கு அந்த ஆறு பேரில் உயிரோடு இருந்தவர் ஒருவர்தான்.