வந்த தடத்திலேயே திரும்பும் துளை

நேயர்களுக்கு வணக்கம். மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தியும், சிலிக்கான் போன்ற குறைக்கடத்தியும் தொட்டுக்கொள்ளும் எல்லையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். காந்தப்புலம் அங்கே செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்புதான்.

மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் ஜோடியாகத்தான் ஓடும். குறைக்கடத்தியிலிருந்து குறைந்த ஆற்றலோடு தனியாக வரும் எலக்ட்ரானுக்கு உள்ளே இடமில்லை. அதனால் இன்னொன்றைத் துணைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. துணை விட்டுப்போன காலியிடம்தான் துளை. அந்தத் துளை, எலக்ட்ரான் வந்த அதே தடத்தில் திரும்புகிறது. கண்ணாடியில் பட்ட ஒளிபோல மறுபக்கம் சாய்ந்து போவதில்லை. இதை 1964-ல் சோவியத் இயற்பியலாளர் ஆண்ட்ரீவ் விளக்கினார்.

நடைமுறையில் எல்லையில் ஒரு மெல்லிய தடுப்பு இருக்கும். பெரும்பாலான எலக்ட்ரான்கள் அதில் மோதித் திரும்பிவிடும். ஆனால் குறைக்கடத்தியில் உள்ள மாசுகள் அவற்றை மறுபடி மறுபடி எல்லைக்கே தள்ளுகின்றன. எலக்ட்ரான் அலை போகும்போது பெற்ற கட்ட மாற்றத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் முன்பின்னாக நகர்வதை, துளை திரும்பும்போது கழித்துவிடுவதால், எல்லா முயற்சிகளும் ஒன்றுசேர்கின்றன. தடுப்பே இல்லாததுபோல மின்னோட்டம் கூடுகிறது. 1991-ல் நியோபியமும் இண்டியம் காலியம் ஆர்சனைடும் சேர்ந்த தொடுப்பில், பூஜ்ஜிய மின்னழுத்தத்தை ஒட்டி இந்தக் கூடுதல் கடத்தல் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரிந்தது.

சரி, காந்தப்புலம் கொடுத்தால்? துளைக்கு மின்னூட்டமும் எதிர், திசையும் எதிர். அதனால் புலம் தரும் கட்ட மாற்றம் கழியாமல் இரட்டிக்கிறது. ஒற்றுமை குலைகிறது, மின்தடை ஏறுகிறது. எலக்ட்ரானின் தடம் வளைக்கும் பரப்பு ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரம் என்றால், இரண்டு மில்லிடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) அளவே இதற்குப் போதும். நியோபியமோ அதைப்போல் பல மடங்கு புலத்தையும் தாங்கும். மீக்கடத்தி அசையாமல் இருக்க, தொடுப்பு மட்டும் மாறிவிடுகிறது.

எல்லா மீக்கடத்தியும் நியோபியம்போல் தாங்காது. அலுமினியம் கட்டியாக இருந்தால் சுமார் 10 மில்லிடெஸ்லாவிலேயே மீக்கடத்தும் தன்மையை இழக்கும். அதையே சில நானோமீட்டர் படலமாக்கி, புலத்தைப் படலத்துக்கு இணையாக வைத்தால் ஒரு டெஸ்லாவைத் தாண்டியும் நிற்கும்.

அப்புறம், அளப்பவர்களுக்கு ஒன்று. மீக்கடத்திக் காந்தச் சுருளை அணைத்த பிறகும் அதில் சில மில்லிடெஸ்லா தங்கிவிடும். கருவி பூஜ்ஜியம் என்று காட்டும். தொடுப்போ அப்போதே குலைந்திருக்கும். அதனால் நான் புலத்தை இரு திசையிலும் மெதுவாக ஓட்டி, முகட்டின் நடுவைத் தேடிப் பிடித்து, அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறேன்.