ஊசிக்கு யார் மாலை போடுவார்கள்?

(தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில், நெசவாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தறிக்கு இன்று ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

நகரிக்காரர்களுக்குப் பெரிய உருவத்தைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் மலையே ஒரு மூக்கு. கப்பலில் வந்தவர்களுக்கு நகரி மூக்குத்தான் கரையின் அடையாளம். அது இயற்கை செய்தது. நான் பேச வந்தது மனிதர்கள் செய்து வைத்ததைப் பற்றி.

இத்தாலியில் மிலான். துணிக்கும் தையலுக்கும் உலகமெல்லாம் பேர்போன ஊர். அங்கே கதோர்னா ரயில் நிலையத்தின் எதிரே உள்ள சதுக்கத்தில், 2000-ஆம் ஆண்டு ஓர் ஊசியை நட்டார்கள். 18 மீட்டர் உயரம். ஐந்தாறு மாடி வரும். காதில் நூல் கோத்திருக்கிறது, முனை தரைக்குள் இறங்கியிருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு நீர்த்தொட்டியிலிருந்து அதே நூல் முடிச்சோடு மேலே வருகிறது. நடுவில் பூமிக்குள் நூல் ஓடுவதாக நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் பூமிக்குள் நிஜமாக ஓடுவது மெட்ரோ ரயில். நூலின் நிறம் சிவப்பு, பச்சை, மஞ்சள். அன்றைக்கு மிலானில் இருந்த மூன்று மெட்ரோ பாதைகளின் நிறங்களும் அவைதான். கிளேஸ் ஓல்டன்பர்க், கோஷா வான் ப்ரூகன் என்ற கணவன் மனைவி செய்த வேலை இது. சதுக்கத்தைத் திருத்தி அமைத்தவர் காயே அவுலென்தி என்ற கட்டடக் கலைஞர்.

இதே ஓல்டன்பர்க் 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை நிறுத்தினார். 45 அடி. எதிரே நகர மன்றக் கட்டடம். அதன் கோபுர உச்சியில் ஊரை நிறுவிய வில்லியம் பென்னின் சிலை. அந்தச் சிலை 37 அடிதான்! ஊரைத் தோற்றுவித்தவரைவிடக் கிளிப் எட்டடி உயரம். நம் ஊராக இருந்தால் மறுநாளே மறியல்தான். கிளிப்பின் நடுவில் இருக்கிற கம்பிச்சுருள் 76 என்ற எண்ணைப் போலத் தெரியும். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்தது 1776-இல், அதே ஊரில். கிளிப்பை நிறுத்தியது அந்தச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டில்.

இப்போது என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் சிலைக்கு முன்னால் நமக்கு இரண்டு வேலைதான்: அண்ணாந்து பார்ப்பது, கும்பிடுவது. குறை சொன்னால் சண்டை வரும். ஊசிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ரயிலை விட்டு இறங்குகிற தையல்கார அம்மா நின்று பார்த்து, “காது கொஞ்சம் சின்னதாப் போச்சே” என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தப் பொருளை அவர் கை அறியும். அதனால் அங்கே அவர்தான் நிபுணர்.

தில்லி கன்னாட் பிளேஸிலும் 2017-இல் பெரிய எஃகு ராட்டை ஒன்றை வைத்தார்கள். நல்ல பொருள்தான். ஆனால் ராட்டை என்றதும் காந்தியும் கூடவே வந்துவிடுகிறார். மறுபடியும் கும்பிடத்தான் தோன்றுகிறது.

சரி, நகரிக்கு என்ன வைக்கலாம்? தறியில் குறுக்கே ஓடி நூல் சேர்க்கிற நாடா என்று நீங்களே சொல்வீர்கள். எனக்கும் சம்மதம். ஆனால் நாடாவைப் பத்து மடங்கு பெருக்கி ரவுண்டானாவில் நிறுத்தி, சுற்றிலும் கலர் விளக்குப் போட்டால் அது ஜவுளிக்கடை விளம்பரம். மிலான் ஊசி அந்த இடத்தில் பொருந்துவதற்குக் காரணம் உயரம் இல்லை. இரண்டு இடங்களை இணைக்கிற ரயிலின் வேலையை ஊசியும் செய்வதுதான். நாடா என்ன செய்கிறது? நூல் சுற்றிய தாரைச் சுமந்துகொண்டு தறியின் இரு ஓரத்துப் பெட்டிகளுக்கு நடுவே போய்வருகிறது, நீளவாட்டில் ஓடும் பாவுக்குள் குறுக்கு நூலான ஊடையைச் சேர்க்கிறது. திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே பெண் எடுத்து, பெண் கொடுத்து, சரக்கு ஏற்றி நாம் செய்வதும் அதைத்தானே! அதனால் அதை நட்டுக்குத்தலாக நிறுத்தாதீர்கள். எல்லையைப் பார்த்துப் படுக்க வையுங்கள், ஓடுகிற நாடா ஓடுகிறபடியே இருக்கட்டும்.

இன்னொன்று. நாடாவே இல்லாத ரேப்பியர் தறிகள் வந்துகொண்டிருக்கின்றன. செய்வதானால் சீக்கிரம் செய்ய வேண்டும். நாடாவைக் கையில் பிடித்தவர்கள் இருக்கும்போதே, குறை சொல்ல ஆள் இருக்கும்போதே.

பீடம் வேண்டாம், கம்பி வேலி வேண்டாம், பிள்ளைகள் ஏறி விளையாடட்டும். கல்வெட்டு வைத்தே தீருவோம் என்றால் தெலுங்கிலும் தமிழிலும் வையுங்கள். திறந்து வைத்தவர் பெயரை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் போடுங்கள்.