மரம் வெட்டுவதும் மரம் சாய்ப்பதும்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்கு 10 நிமிடம்தான். நேராக வந்துவிடுகிறேன்.

வயதாகும் டென்னிஸ் வீரர்கள் எப்போது விலக வேண்டும்? உச்சத்தில் இருக்கும்போதா, இனி முடியாது என்று உடம்பு சொல்லும்போதா? உடம்பு சொல்லட்டும் என்பது எங்கள் அணி. பெடரர், நடால், செரீனா என்று வரிசையாகக் குறிப்பெடுத்து வந்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று கேட்டார், மண்டபமே கைதட்டியது. "பால் வத்தின ரப்பர் மரத்தை எந்தத் தோட்டத்துல வச்சிருக்காங்க தங்கச்சி? 25 வருசம் ஆச்சா, சாய்ச்சிட்டுக் கன்னு நடுவாங்க. மரத்துக்கு ஒரு நியாயம், மட்டை பிடிக்கிறவனுக்கு ஒரு நியாயமா?"

என் குறிப்புத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

அண்ணே, இந்தக் கேள்வியை நீங்கள் கோலாலம்பூரில் கேட்டிருக்கலாம். இந்தப் பெஸ்தாரி ஜெயா தோட்டத்து ஊரில் கேட்டிருக்கக் கூடாது. பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரிலேயே இந்த ஊரைக் கூப்பிடுகிற பெரியவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். இன்றைக்குச் சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். ஆனால் இவர்கள் கையைத் தொட்டுப் பாருங்கள், பால்கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கும்.

நம் ஊரில் 'மரம் வெட்டப் போறேன்' என்றால் என்ன பொருள்? பால் எடுக்கப் போகிறேன் என்று பொருள். என் அம்மா 30 வருஷத்துக்கு மேல் மரம் வெட்டினார். ஒரு மரத்தைக்கூடச் சாய்த்ததில்லை. பட்டையைச் சீவுவார், அவ்வளவுதான். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே காயம் பட்டுவிடும், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. ஆழம் பத்தாவிட்டால் பால் வராது. அந்த மயிரிழை கணக்கு, விடியாத இருட்டில், நெற்றியில் கட்டிய லைட்டு வெளிச்சத்தில். ஏன் இருட்டில்? வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் பால் அழுத்தமாக இருக்கும், நன்றாக ஓடும்.

சரி, அண்ணன் சொன்ன 25 வருஷத்துக்கு வருவோம். சாய்க்கிற மரமெல்லாம் பால் வற்றிய மரமா? சாய்க்கப் போகிற மரத்தைக் கடைசி ஓரிரு வருஷம் எப்படி வெட்டுவார்கள் என்று இங்கே இருக்கிற அக்காமார்களைக் கேளுங்கள். ஏணி வைத்து மேல்பட்டையில் வெட்டுவார்கள். எவ்வளவு வருமோ அவ்வளவையும் எடுத்துவிடுவார்கள். அப்போதும் பால் வரும் அண்ணே! மரம் நிறுத்தவில்லை. ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் நிறுத்தினார். எங்கள் அணியின் வாதமே இதுதான். நிறுத்த வேண்டியவர் யார், மரமா, கணக்குப்பிள்ளையா?

இப்போது உங்களுக்கு ஒரு மரத்தைக் காட்டுகிறேன்.

அம்மாவின் நிரையில், அதாவது அவர் வெட்ட வேண்டிய மர வரிசையில், ஒரு மரம் இருந்தது, செம்மண் சாலை ஓரத்தில். நல்ல பால் மரம். பள்ளி விடுமுறையில் நான் பட்டையில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கக் கூடவே போவேன், அதனால் அந்த மரத்தை எனக்கே தெரியும். பால் பிடிக்கிற கிண்ணத்தை மங்கு என்போம், அது நிறைந்து விளிம்பில் நிற்கும். ஒரு சமயம் ரப்பர் விலை ஏறியது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டச் சொன்னார்கள். கொஞ்ச மாதத்தில் அது நின்றுபோனது. கத்தி போட்டால் கோடு விழுகிறது, பால் இல்லை. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து பார்த்தார். சிவப்புச் சாயத்தில் ஒரு குறி போட்டார். "சாய்க்கிறப்ப இதுதான் மொதல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. மங்கைக் கழற்றவும் இல்லை. கம்பியில் இருந்த மங்கைக் கவிழ்த்து வைத்தார்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். மங்கைக் கழற்றவில்லை, கவிழ்த்து வைத்தார். கழற்றிவிட்டால் அந்த மரம் நிரையில் இல்லை என்று அர்த்தம். கவிழ்த்து வைத்தால், மழைத் தண்ணீர் தேங்காமல் சுத்தமாக இருக்கட்டும், திரும்ப வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

தினமும் அந்த மரத்தைத் தாண்டிப் போவார். கத்தி போட மாட்டார். உள்ளங்கையால் பட்டையை ஒருமுறை தொடுவார், அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். "ஏம்மா தொடுறீங்க?" என்று கேட்டேன். "ஓஞ்சிருக்குடி, செத்துப் போவல" என்றார். மழைக்காலம் போனது. இலை உதிர்ந்து புது இலை வந்தது. ஒரு விடியற்காலை அம்மா கத்தியை எடுத்தார். மெல்லிசாக ஒரு வெட்டு. நான் லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோடு விழுந்தது. ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் வெள்ளையாக ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொரு புள்ளி. இரண்டும் சேர்ந்து கோட்டில் இறங்கியது. அம்மா அவசரமாக மங்கை நிமிர்த்தினார். நிறையவில்லை, பாதிதான். ஆனால் பால்!

கைதட்டுகிறீர்கள். நன்றி. இதே கைதட்டலை மெல்போர்னுக்குக் கொண்டு போகிறேன், வாருங்கள்.

2016ஆம் ஆண்டு. ரோஜர் பெடரருக்கு முழங்கால். விம்பிள்டன் அரையிறுதியில் தோற்ற பிறகு 6 மாதம் மட்டையைத் தொட்டுப் போட்டியில் இறங்கவில்லை. அவர் கடைசியாகப் பெரிய பட்டம், அதாவது கிராண்ட் ஸ்லாம், வென்றது 2012இல். வயது 35. சாயக்குறி போட எத்தனை மண்டோர்கள் வந்திருப்பார்கள்! ஆனால் அவர் மங்கைக் கழற்றவில்லை, கவிழ்த்துத்தான் வைத்திருந்தார். 2017 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டம், எதிரே நடால். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கி, அங்கிருந்து வென்றார். அதே ஆண்டு விம்பிள்டன். மறு ஆண்டு மறுபடி மெல்போர்ன். 36 வயதில் உலகின் முதல் நிலை வீரர். 2012இலேயே உச்சம் முடிந்தது, விலகு என்று அண்ணன் அணி சொன்னதைக் கேட்டிருந்தால் அவர் 17 பெரிய பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். 20 கிடைத்திருக்காது.

அண்ணன் பீட் சாம்ப்ராஸைப் பெருமையாகச் சொன்னார். 2002 அமெரிக்க ஓப்பனை வென்று, அதற்குப் பிறகு ஒரு போட்டிகூட ஆடாமல் விலகினார், அதுதான் உச்சத்தில் விலகுவது என்றார். உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததை அண்ணன் சொல்லவில்லையே! அதே 2002 விம்பிள்டனில், இரண்டாவது சுற்றிலேயே, உலக வரிசையில் 145ஆம் இடத்தில் இருந்த ஒருவரிடம் சாம்ப்ராஸ் தோற்றார். ஆட்ட இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார், தைரியத்துக்காக. இரண்டு வருஷமாக ஒரு பட்டம்கூட இல்லை. செப்டம்பரில் நியூயார்க்கில் அவரிடம் தோற்ற ருசெட்ஸ்கி, இவர் ஒன்றரை எட்டு மெதுவாகிவிட்டார், அடுத்த சுற்றைத் தாண்ட மாட்டார் என்று சொன்னார். சாம்ப்ராஸ் அடுத்த சுற்றையும் தாண்டினார், இறுதியில் அகாஸியையும் வென்று 14ஆவது பெரிய பட்டத்தைத் தூக்கினார். அண்ணே, அந்த ஜூலையில் உங்கள் பேச்சைக் கேட்டு அவர் நின்றிருந்தால், இன்று நீங்கள் மேடையில் காட்டிய உச்சமே இருந்திருக்காது.

நிஜமாகவே இளம் வயதில், பேரும் புகழுமாக விலகியவர் பியான் போர்க். 11 பெரிய பட்டம், 26 வயதில் ஓய்வு. என்ன ஆயிற்று? 1991இல் திரும்பி வந்தார், அதுவும் பழைய மரமட்டையோடு. திரும்பி வந்த பிறகு உலகச் சுற்றுப் போட்டிகளில் ஓர் ஆட்டம்கூட அவரால் வெல்ல முடியவில்லை. உள்ளே பால் இருக்கும்போது மங்கைக் கழற்றினால் மனசு பிறகும் அந்த மரத்தடியிலேயே நிற்கும்.

இளையவர்களுக்கு வழிவிட வேண்டாமா என்று எதிரணித் தங்கை கேட்டார். டென்னிஸில் யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை அம்மா. தேர்வுக்குழு இல்லை, சிபாரிசுக்கு வேலை குறைவு. வாங்கிய புள்ளி 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். மறுபடி ஜெயித்தால்தான் இடம். அல்கராஸ் 19 வயதில் முதல் நிலைக்கு வந்தார், பெரியவர்களெல்லாம் ஆடிக்கொண்டிருந்தபோதே. 2023 விம்பிள்டன் இறுதியில் 36 வயது ஜோகோவிச்சை ஐந்து செட்டில் வென்றார். அந்தக் கோப்பைக்கு அவ்வளவு மதிப்பு எதனால்? எதிரே நின்ற பெரியவரால். அவர் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் பையன் யாரை ஜெயித்திருப்பான்? மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பெரியவர் அதே பையனைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். 37 வயதில்!

நம் டத்தோ லீ சோங் வெய்யையும் இழுத்தார்கள். பேட்மிண்டன் என்றாலும் பரவாயில்லை, அவர் நம் ஆள். 2019இல் அவர் ஏன் விலகினார்? மூக்கில் புற்றுநோய். டோக்கியோ ஒலிம்பிக் வரை ஆட ஆசைப்பட்டவர், உடம்பு விடாததால் கண்ணீரோடு விலகினார். அவர் எங்கள் அணி, அண்ணே.

தோட்டத்துக் கதைதான் வேண்டுமென்றால் ரோஹன் போபண்ணாவைப் பாருங்கள். குடகில் காப்பித் தோட்டத்துப் பிள்ளை. முழங்கால் இரண்டிலும் குருத்தெலும்பு தேய்ந்து போனவர், யோகாசனத்தால் தேறியவர். 2021இல் தொடர்ந்து தோற்றபோது விட்டுவிடலாமா என்றே யோசித்தவர். 2024 ஜனவரியில், 43 வயதில், ஆஸ்திரேலிய ஓப்பன் ஆண்கள் இரட்டையர் பட்டம். அதே மாதம் இரட்டையரில் உலக முதல் நிலை, அந்த வயதில் அதுவரை யாரும் தொடாத இடம். 2025 நவம்பரில், 45 வயதில், தானே விலகுவதாகச் சொன்னார். தானே சொன்னார். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

கடைசியில் அசிங்கமாகத் தோற்கிறார்களே, பார்க்க வருத்தமாக இருக்கிறதே என்கிறார்கள். பெடரர் 2021 விம்பிள்டனில் கடைசி செட்டை 6-0 என்று இழந்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த வருத்தம் நம்முடையது. நம் கண் வலிக்கிறது என்பதற்காக அவர் கையிலிருப்பதைப் பிடுங்கலாமா?

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரியும். ஒரு நிமிடம் கொடுங்கள். அந்த மரத்தின் கதையில் பாதிதான் சொன்னேன்.

2004இல் அம்மாவுக்கு 55 முடிந்தது. ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்தேன். இந்தத் தேதியோடு வேலை முடிகிறது, தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கை நடுங்குகிறதா, கண் தெரிகிறதா, இன்னும் எத்தனை மரம் முடியும், ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாதமும் தன் நிரையை முழுசாக முடித்துத்தான் வந்திருந்தார். மறுநாள் 4 மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. அடுப்படியில் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா வரக்காப்பி போட்டுக் குடித்து, சட்டை மாட்டி, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். லைட்டு எரிந்துகொண்டிருந்தது. போக இடம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த மரமும் அடுத்த வருஷம் போய்விட்டது. செம்பனை வந்தது.

போன வருஷம், 2025 ஜூலை. வாஷிங்டனில் வீனஸ் வில்லியம்ஸ் ஆடிய ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 45 வயது, நோயோடு வாழ்கிற உடம்பு, 16 மாதமாகப் போட்டியே ஆடாதவர். எதிரே 23 வயதுப் பெண். 6-3, 6-4 என்று வீனஸ் வென்றார். ஆட்டம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, மருத்துவக் காப்புறுதிக்காகத்தான் திரும்பி வந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். அரங்கமே சிரித்தது. அம்மாவுக்கு மொழி புரியவில்லை, என்ன சொல்றா என்று கேட்டார். வேலையை விட்டால் ஆஸ்பத்திரிக்குக் காசு யார் கொடுப்பார்கள் என்று சொல்கிறார் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. "நெசந்தானே" என்றார்.

கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கையை உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தார்.

"இவள யாரும் வேணாம்னு சொல்லலியா?"

"சொன்னாங்கம்மா. கேக்கல."

"இன்னும் ஆடுவாளா?"

"ஆடுவாங்கம்மா."

அம்மா கட்டைவிரலால் அந்தக் கண்ணாடியை ஒருமுறை தொட்டார். அந்த மரத்தைத் தொட்ட மாதிரியே.

வணக்கம்.