ஆவியைப் பிடிக்கும் பூச்சு

நேயர்களுக்கு வணக்கம். காற்றில் கலந்த ரசாயன ஆவியை ஒலி அலையால் கண்டறியும் உணரிகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கருவியை விட, அதன் மேல் பூசும் பாலிமரைப் பற்றித்தான் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக், ரப்பர் போன்ற பொருள்) அதிகம் சொல்லப் போகிறேன். என் பார்வையில் உணரியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இந்த உணரிகளில் ஒரு வகை குவார்ட்ஸ் படிகத்தால் ஆனது. அதற்கு மாறுமின்சாரம் கொடுத்தால் அதிரும். மேலே எடை ஏறினால் அதிர்வெண் குறையும். இதற்கான கணக்கை 1959-இல் ஜெர்மனியின் சௌவர்பிரே வகுத்துக் கொடுத்தார். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 நானோகிராம் ஏறினாலே ஒரு ஹெர்ட்ஸ் இறங்கிவிடும். ஆனால் ஏறியது பெட்ரோல் ஆவியா, நீராவியா என்பது படிகத்துக்குத் தெரியாது. ஆவிகளைத் தரம் பிரிப்பது பூச்சின் வேலை. 1964-இல் வில்லியம் கிங் பூச்சிட்ட படிகத்தால் ஆவிகளைக் கண்டறிந்து காட்டினார். 1979-இல் வோல்ட்ஜென், டெஸ்ஸி இருவரும் படிகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஒலி அலை ஓடும் மேற்பரப்பு ஒலி அலைக் கருவியில் இதைச் செய்தார்கள்.

சரி, எந்தப் பாலிமரைப் பூசுவது? முதலில் அது இளக்கமாக இருக்க வேண்டும். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் வரை கண்ணாடி போல விறைத்தே கிடக்கும். அதற்குள் ஆவி மெதுவாகத்தான் நுழையும், நுழைந்தது சீக்கிரம் வெளியேறாது. பாலிஐசோபியூட்டிலீன் அறை வெப்பத்தில் ரப்பர் போல நெகிழ்ந்திருக்கும். ஆவி சட்டென்று கரையும், காற்று சுத்தமானதும் கிளம்பிவிடும். உணரி மறுபடி தயார்.

அப்புறம் வேதியியல் பொருத்தம். டொலுவீன் போன்ற ஹைட்ரோகார்பன்களுக்குப் பாலிஐசோபியூட்டிலீன் நன்றாக ஒத்துப்போகும். சரின் போன்ற நரம்பு நச்சுகளுக்கு அது போதாது. அவற்றின் மூலக்கூறில், பாஸ்பரஸோடு இணைந்த ஆக்சிஜன், வேறொரு மூலக்கூறின் ஹைட்ரஜனை ஈர்த்துக்கொள்ளும் ‘ஹைட்ரஜன் பிணைப்பு’க்குக் காத்திருக்கிறது. அதற்காக அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஃபுளூரின் கலந்த ஃபுளூரோபாலியால் என்ற பாலிமரை எடுத்தார்கள். ஃபுளூரின் பக்கத்தில் இருப்பதால் அதன் ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) அமிலத்தன்மை கூடி, அந்த ஆக்சிஜனை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

பூசுவதும் கைத்திறன்தான். நீர்த்த கரைசலைச் சிறு தெளிப்பானால் தெளித்துக்கொண்டே அதிர்வெண் இறங்குவதைக் கவனிப்பார்கள். குறித்த அளவு இறங்கியதும் நிறுத்திவிடுவார்கள். தடிப்பு கூடினால் ஆவி உள்ளே பரவ நேரமாகும், அலையும் மங்கும்.

இன்னொன்று. ஆவி புகுந்த பாலிமர் ஊதி மென்மையாகும். மேற்பரப்பு அலைக் கருவியில் இந்த மென்மையும் அதிர்வெண்ணைக் குறைக்கும் என்று 1990-களில் ஜே கிரேட் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். அதனால் வரும் மாற்றம் முழுவதையும் எடை என்று கணக்கிட முடியாது. ஈரப்பதமும் குழப்பும், ஃபுளூரோபாலியால் நீராவியையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே வேறு வேறு பாலிமர் பூசிய பல உணரிகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றின் விடையையும் சேர்த்துப் பார்த்தே ஆவியை அடையாளம் காண்கிறார்கள்.