பஸ்ஸை மறிக்கும் சொல்

அவையோருக்கு வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் நிற்கிறோம். தூரத்தில் 101ஆம் இலக்க பஸ் வருகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் என்ன சொல்வோம்? "பஸ்ஸை மறியுங்கோ." இந்த 'மறி'யைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். "விளக்கமறியல் என்றால் விளக்கு ஏந்திச் செய்கிற போராட்டமா?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அவருடைய ஊரில் மறியல் என்றால் வழியில் உட்கார்ந்து போராடுவது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் நடந்ததும் மறியல்தான். எங்களுக்கோ மறியல் என்றால் சிறை. வழக்கு விளக்கம் முடியும்வரை ஆளை மறித்து வைப்பது விளக்கமறியல். அங்கே சனம் மறிக்கிறது, இங்கே அரசு மறிக்கிறது. வினை ஒன்றுதான்.

சரி, அந்த வினையின் அடிப்பொருள் நிற்பாட்டுவதா? நான் அப்படி நினைக்கவில்லை. மறிந்தது, மறித்தது என்று இரண்டையும் சொல்லிப் பாருங்கள். மறிதல் என்றால் திரும்புதல், புரளுதல். மடங்கிப் புரளும் அலைக்குப் பழந்தமிழில் மறிதிரை என்று பெயர். காலிமுகத்திடலில் ஐந்து நிமிடம் நின்றால் அந்தச் சொல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலையாளத்தில் இன்றும் 'மறியுக' என்றால் கவிழ்வது, புரள்வது. தானாகத் திரும்பினால் மறிந்தது, இன்னொருவர் திருப்பினால் மறித்தது. வருகிறவரை வந்த வழியே திருப்புவதுதான் மறித்தல். நிற்கவைப்பது அதிலிருந்து கிளைத்த பொருள்.

செம்மறியில் வரும் மறி வேறு. ஆடு, குதிரை, மான் ஆகியவற்றின் குட்டிக்கு மறி என்று பெயர் சொல்கிறது தொல்காப்பிய மரபியல். கன்னடத்தில் அது மரி. ஒலி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக உறவு கட்ட எனக்கு மனமில்லை.

மறித்தல் என்ற பொருளில் வரும் மற்றச் சொற்களும் அப்படி அப்படியே ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடுவதில்லை. தடுப்பூசியை மறிப்பூசி என்று யாராவது சொல்வோமா? அது நோயைத் திருப்பி அனுப்புவதில்லை, வரவே விடுவதில்லை. அடைப்பதற்கு ஒரு வாயோ துளையோ வேண்டும். எனக்கு மிகப் பிடித்தது சிறை. "வருவிசைப் புனலைக் கற்சிறை போல" என்கிறது தொல்காப்பியம், பாய்ந்து வரும் படையை ஒற்றை ஆளாக நின்று தாங்குகிற வீரனைப் பற்றி. அங்கே சிறை என்பது கல்லால் கட்டிய அணை. நீரை மறித்ததும் சிறை, ஆளை மறித்ததும் சிறை. எங்கள் ஆச்சிமார் சிறைக்கு மறியல் என்றபோது, அவர்களும் அதே தடத்தில்தான் நடந்திருக்கிறார்கள்.

அப்புறம், போனில் 'புளொக் பண்ணிட்டான்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு மாணவி கேட்டாள். தடுத்துவிட்டான் என்று சொல் என்றேன். மறிக்கிறவர் முன்னால் வந்து நிற்பார், முகம் தெரியும், ஏன் என்று கேட்கலாம். போனில் அப்படி யாரும் நிற்பதில்லை. அனுப்பிய செய்தி திரும்பியும் வருவதில்லை.