சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கும் முன்

[காட்சி: ஒரு போர்டின் அடிப்பக்கம், மிக நெருக்கத்தில். அருகருகே இரண்டு இணைப்புகள்.]

எலெக்ட்ரானிக்ஸ் பாகங்களைச் சர்க்யூட் போர்டில் ஒட்டவைக்கும் உலோகக் கலவைதான் சால்டர், அதற்குச் சூடு கொடுக்கும் கருவி சால்டரிங் அயர்ன். அப்படிப் போட்ட இந்த இரண்டு இணைப்புகளையும் பாருங்கள். இடப்பக்கம் இருப்பது பேட், அதாவது போர்டில் உள்ள செம்புப் பட்டை, முழுக்கப் படர்ந்து, பாகத்தின் கம்பியை ஒட்டிச் சரிவாக ஏறி நிற்கிறது. இது பல வருடம் தாங்கும். வலப்பக்கம் இருப்பது உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. ரிப்பேர் வேலையில் இருப்பவர்கள் இதை டிரை சால்டர் என்பார்கள். இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்கு போர்டை லேசாகத் தட்டினால் நின்றுவிடும்.

இரண்டுக்கும் ஒரே அயர்ன், ஒரே சால்டர்தான். ஆனால் வலப்பக்கத்தில் சால்டர் மட்டும் உருகியது, அடியில் இருந்த செம்பு சூடாகவில்லை. நீங்கள் சூடாக்க வேண்டியது சால்டரை அல்ல, சால்டர் ஒட்ட வேண்டிய இடத்தை. எந்தக் கருவி வாங்கலாம் என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

[காட்சி: மேசையில் ஒரு சாதாரண அயர்ன், பக்கத்தில் வெப்பநிலையை மாற்றும் ஸ்டேஷன்.]

முதலில் அயர்ன். வாட் அதிகமானால் சூடும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள 60 வாட் ஸ்டேஷனை 340 டிகிரி செல்சியஸில் வைத்தால் அது 340-ஐ ஒட்டியேதான் நிற்கும். பெரிய செம்புப் பரப்பைத் தொடும்போது பிட், அதாவது அயர்னின் முனை, இழக்கும் சூட்டைச் சட்டென்று ஈடுகட்டுவதற்குத்தான் அந்த வாட். கட்டுப்பாடு இல்லாத 25 வாட் அயர்னிலும் பழகலாம். ஆனால் அது சும்மா இருக்கும்போது தேவைக்கு மேல் சூடாகி பிட்டைக் கருக்கும், கனமான இணைப்பில் திணறும். முடிந்தால் கட்டுப்பாடு உள்ளதையே வாங்குங்கள்.

பிட்டில், ஊசி முனை வேண்டாம். அதன் நுனி தொடும் பரப்பு மிகக் குறைவு, சூடு இறங்காது. சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவ பிட் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

[காட்சி: கருத்துப்போன பிட்டில் சால்டர் ஒட்டாமல் உருண்டு விழுகிறது.]

பிட் கருத்துவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு, அவ்வளவுதான் பிட். பூச்சு போய்விட்டால் உருகிய சால்டர் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, உடனே புது சால்டர் பூசுங்கள். வேலைக்கு நடுவிலும் இதை அடிக்கடி செய்யுங்கள்.

சால்டர் கம்பிக்கு வருவோம். பழகுவதற்கு எளிது 63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் ஈயமும் கலந்தது. சரியாக 183 டிகிரியில் உருகும், இடையில் களியாக நிற்காமல் நேராக உறையும். ஈயமில்லாத வகைகள் பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், கொஞ்சம் பொறுமை கேட்கும். முதல் வகைக்கு அயர்னை 320 முதல் 350-க்குள் வையுங்கள், இரண்டாவதற்கு 350 முதல் 380. உருகுவதே 183-இல்தானே என்றால், சூடு இணைப்புக்குள் வேகமாகப் பாய அந்த இடைவெளி வேண்டும்.

சால்டர் கம்பிக்குள் ரோசின் (பைன் மரப் பிசின்) ஃப்ளக்ஸ் இருக்கட்டும். செம்பின் மேல் படிந்த ஆக்சைடை நீக்குவது அதுதான், அது இல்லாமல் சால்டர் பிடிக்காது. தண்ணீர்க் குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸை போர்டு பக்கமே கொண்டுவராதீர்கள், அரித்துவிடும்.

[காட்சி: மெதுவான வேகத்தில் ஒரு இணைப்பு.]

இப்போது கையைக் கவனியுங்கள். பிட் ஒரே நேரத்தில் பேடையும் பாகத்தின் கம்பியையும் தொடுகிறது. ஒரு நொடி கழித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து சால்டர் உள்ளே போகிறது, பிட்டின் மேல் அல்ல. படர்ந்ததும் முதலில் சால்டரை எடுக்கிறோம், அப்புறம் அயர்னை. எல்லாம் இரண்டு மூன்று நொடிதான். உறையும்வரை எதுவும் அசையக் கூடாது. தப்பாகிவிட்டால் சால்டரை எடுப்பதற்குச் செம்புப் பின்னல் விக்கோ, உறிஞ்சும் பம்ப்போ கைவசம் இருக்கட்டும்.

[காட்சி: இணைப்பிலிருந்து புகை எழுந்து முகத்தை நோக்கி வருகிறது.]

இந்தப் புகையில் ஈயம் இருக்கிறது என்று பயப்படுபவர்கள் நிறைய. இந்த வெப்பநிலையில் ஈயம் ஆவியாவது மிகமிகக் குறைவு, நீங்கள் பார்ப்பது ஃப்ளக்ஸ் புகை. ஆனால் அதுவும் சாதாரணமானதல்ல, தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். அதனால் ஒரு சின்ன ஃபேனைப் புகையை உங்களிடமிருந்து இழுத்துப் போகும்படி வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் உடலுக்குள் போகும் முக்கிய வழி கை. சால்டர் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்காதீர்கள், அந்த மேசையில் சாப்பிடாதீர்கள், குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மிஞ்சிய கம்பியைக் கட்டரால் வெட்டும்போது துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. மின்சாரம் பாயும் போர்டைத் தொடவே வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அத்தகைய போர்டுகளைப் பழகும் காலத்தில் விட்டுவிடுங்கள்.

அயர்ன் கைநழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், தள்ளி நில்லுங்கள். சுட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்க வேண்டாம்.

[காட்சி: பிட் முழுக்க சால்டர் பூசப்படுகிறது. ஸ்விட்ச் அணைகிறது.]

வேலை முடிந்ததும் பிட்டில் தாராளமாக சால்டர் பூசி, துடைக்காமல் அப்படியே அணையுங்கள். அயர்ன் ஆற நேரமெடுக்கும், ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். அதற்குள் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.