ராத்திரிப் பால் யார் பொறுப்பு?

நடுவர் அவர்களே, காரைக்குடி ஆச்சிமார்களே, ஐயாமார்களே, வணக்கம்.

ராத்திரிப் பால் தாயின் பொறுப்பா, வீட்டின் பொறுப்பா என்பது தலைப்பு. "பால் சுரப்பது தாயிடம், அப்பன் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விடவா?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார் எதிரணி ஐயா.

சரி, அந்தப் பால் எப்படிச் சுரக்கிறது? புரோலாக்டின் என்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ராத்திரி கொடுக்காமல் விட்டால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும், போகப் போகச் சுரப்பும் குறையும். ஊறிய பால் இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்கிற இன்னொரு ஹார்மோன் வேண்டும். வலியும் கவலையும் அதைத் தடுக்கும். தாயை நிம்மதியாக வைத்திருப்பது யார் வேலை? அவளே செய்துகொள்கிற வேலையா அது?

நம்ம வீட்டுக் கதைக்கு வாருங்கள். வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய அறையில் பெற்றவள் படுத்திருக்கிறாள். அடுப்படி பின்கட்டில். பிள்ளை மார்பைப் பற்றியதும் வருமே ஒரு தாகம், ஆச்சிமார்களுக்குத் தெரியும்! வயிற்றில் தையலோடு, தூணைப் பிடித்துப் பிடித்து, இருட்டில் அவள் அடுப்படிக்கு நடக்க வேண்டுமா? தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் படுக்க அப்பனுக்குப் பட்டப்படிப்பா வேண்டும்? பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவலாம், ஈரத் துணியை மாற்றலாம். கொட்டாவி விட்டுக்கொண்டே செய்யட்டும், யார் வேண்டாம் என்றது?

நம் அப்பத்தாக்களையும் ஒரு வார்த்தை கேட்கிறேன். பகலெல்லாம் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்புமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறீர்கள். ராத்திரி பிள்ளை நாலு தடவை அழுதால், "பால் பத்தலை, புட்டியைக் கொடு" என்கிறீர்கள். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும் அப்பத்தா! வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அர்த்தராத்திரியில் "உனக்குப் பால் இல்லை" என்ற பேச்சைக் கேட்கிற பெண்ணுக்கு இருக்கிற பாலும் இறங்காது.

2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் தாய்க்குத்தானே 26 வாரம் விடுப்பு கொடுத்தது என்றார் ஐயா. மத்திய அரசில் வேலை பார்க்கிற அப்பனுக்கும் 15 நாள் உண்டே, அது எதற்கு? ஊர் ஊராகப் போய் மொய் எழுதவா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் கைதட்டு வாங்கட்டும். நன்றி, வணக்கம்.